ஒரு சதவீத வித்தியாசம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் முடியாதம்மா. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கோபப்படவில்லை. "முடியாததை முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறாங்களே, அது நல்ல விஷயம்தானே" என்று வீட்டில் சிரித்தாள். "நம்ம வீட்டுல அதைச் சம்பளம் இல்லாமலேயே செய்றீங்களே, டாக்டரம்மா" என்றார் நகரப் பேருந்து ஓட்டும் அவள் கணவர்.

நகரத்தின் ஓரத்தில், சக்கரம்போல வட்டமாகக் கட்டப்பட்ட பெரிய கட்டடம் அது. சுவருக்கு உள்ளே ஒரு குழாயில் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை வளையும் இடங்களில் பீறிடும் எக்ஸ்ரே கதிரை வாங்கிக்கொள்ளப் பல கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் வருவார்கள். கதிர் நேரத்துக்கு அவ்வளவு போட்டி. முடியாதம்மாவின் மேசை கட்டுப்பாட்டு அறையை ஒட்டி, ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் மூலையில் இருந்தது. அந்தச் சொட்டுக்குக் கீழே ஒரு வாளி. அந்த மூலையைத் தாண்டாமல் எந்தப் புதுப் புரதமும் இயந்திரத்துக்குள் போக முடியாது.

அவள் வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். நம் உடம்பிலும் கிருமிகளின் உடம்பிலும் பெரும்பாலான வேலைகளைப் புரதங்கள்தான் செய்கின்றன. ஒரு கிருமியின் புரதம் என்ன உருவத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், அதை எங்கே பிடித்து நிறுத்தலாம் என்று யோசிக்கலாம். அந்த உருவத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லை. புரதத்தைச் சர்க்கரையைப்போலப் படிகமாக்கி, அதில் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினால், கதிர் சிதறி எதிரே உள்ள திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம் என்று அளக்கலாம். படம் வரைய அது மட்டும் போதாது. ஒவ்வோர் அலையும் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதும் வேண்டும். அதைக் கட்டம் என்பார்கள். திரையில் அது பதிவாவதில்லை. ஒரு பாடலில் எந்தச் சுரம் எவ்வளவு சத்தம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, எது எப்போது தொடங்குகிறது என்பதை மறைத்துவிட்டால் பாட முடியுமா? அந்த நிலைமைதான்.

மறைந்ததைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திரையில் விழும் புள்ளிகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடியில் இரண்டும் ஒரே பிரகாசமாக இருக்க வேண்டும். ஆனால் புரதத்துக்குள் கந்தகமோ செலினியமோ இருந்தால், அந்தச் சற்றுக் கனமான அணுக்கள் கதிரைக் கொஞ்சம் தாமதப்படுத்தி அனுப்பும். அப்போது ஜோடியில் ஒன்று மற்றதைவிட ஓர் இழை கூடுதலாக ஒளிரும். இதற்கு முரண் சிதறல் என்று பெயர். அந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் கனமான அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியும். அங்கிருந்து கட்டம், கட்டத்திலிருந்து முழு உருவம். செலினியம் என்றால் வித்தியாசம் ஓரளவு பெரியது. கந்தகம் என்றால் நூற்றுக்கு ஒன்றுதான். அளக்கும்போது ஏற்படும் பிழையே பல நேரம் அதைவிட அதிகம். திரும்பத் திரும்ப அளந்தால் பிழை தேயும், வித்தியாசம் நிற்கும். ஆனால் திரும்பத் திரும்பக் கதிரைப் பாய்ச்சினால் படிகம் கருகிச் செத்துவிடும்.

ஆகவே ஒருவர் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். புரதத்தில் எத்தனை கந்தகம், படிகம் எவ்வளவு பெரியது, சாவதற்குள் எத்தனை தடவை அளக்கலாம், கடைசியில் வித்தியாசம் பிழையைத் தாண்டி எழுமா, எழாதா? எழாது என்றால் முடியாது. அந்தச் சொல்லைச் சொல்வதற்குத்தான் அவள்.

அவளுடைய அப்பா ஒரு பெரிய மருத்துவமனையின் இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவியவர். கைவிரல்கள் எப்போதும் மருந்து வாசனை அடிக்கும். தனி அறை நோயாளியின் பிலிமை மருத்துவர் விளக்கில் வைத்து நெடுநேரம் பார்ப்பதையும், பொது வார்டுக்காரரின் பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து ஒரு நொடியில் கீழே வைப்பதையும் அவர் நாள்தோறும் பார்த்தார். "பிலிமுக்கு யாரு ஏழைன்னு தெரியாது பாப்பா. அதைப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்" என்று ஒருமுறை சொன்னார். அவள் படித்து, பட்டம் வாங்கி, வெளிநாட்டில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பிய பிறகு எடுத்த முடிவு எளிமையானது: யாருடைய படிகமாக இருந்தாலும் ஒரே விளக்கில் வைத்துப் பார்ப்பது. பெயரை மறைத்துவிட்டுத்தான் கணக்குப் போடுவாள். பெரிய ஆய்வகமாக இருந்தாலும் சின்னக் கல்லூரியாக இருந்தாலும் அவளுக்குப் படிகத்தின் அளவும் அணுக்களின் எண்ணிக்கையும்தான் கண்ணில் படும்.

அறிவியல் நடக்கும் இடத்தில் மூடநம்பிக்கை இருக்காது என்று நினைப்பவர்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்து பார்க்க வேண்டும். இயந்திர அறையின் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் சிலர் உள்ளே போவார்கள். ஒருவர் வேலை முடியும்வரை சட்டை மாற்ற மாட்டார். பக்கத்தில் உட்காருபவர்களின் நிலைமை சொல்ல வேண்டியதில்லை. "போன தடவை அதிர்ஷ்டம் இருந்துச்சு மேடம்" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் முடியாதம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "அதிர்ஷ்டம் எத்தனை சதவீதம்? பிழையைக் கழிச்சுட்டுச் சொல்லுங்க" என்பாள்.

அந்த வருடம் இயந்திரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்தார்கள். குழாய்களை மாற்றுவது, காந்தங்களை மாற்றுவது என்று ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும் வேலை. அதற்கு முன்னால் கடைசியாக ஒரே ஒரு சுற்று, இரண்டு நாள். அந்தச் சுற்றைக் கேட்டவர்களில் ஒருவர் சிறிய கல்லூரி ஒன்றின் டீச்சர்.

அவர் ஆய்வகம் கல்லூரியின் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. சேற்றில் வெறுங்காலோடு நின்று வேலை செய்பவர்களின் பாதத்தில் புகுந்து, வருடக்கணக்காக அரித்துக் கடைசியில் காலையே வாங்கிவிடும் ஒரு கிருமி. அதன் புரதம் ஒன்றை அவர் படிகமாக்கியிருந்தார். அந்த நோய்க்கு மருந்து தேட எந்தக் கம்பெனிக்கும் ஆர்வமில்லை. காரணம் ரகசியமல்ல: செருப்பு வாங்க முடியாதவர்கள் மருந்து வாங்க மாட்டார்கள். இப்படிக் கணக்குப் போடும் உலகத்தைத்தான் நாம் நாகரிக உலகம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். டீச்சரின் ஆராய்ச்சி நிதி அந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் இயந்திரம் இல்லை. இயந்திரம் வரும்போது நிதியும் இல்லை, ஆய்வகமும் இல்லை. அந்த இரண்டு நாளில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் அவ்வளவுதான்.

டீச்சர் பேருந்தில் வந்து இறங்கினார். மடியில் குளிர்க்குடுவை. உள்ளே திரவ நைட்ரஜனில் படிகங்கள். மூடியின் ஓரத்தில் வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது.

"கண்டக்டர் இறக்கிவிடலையா?" என்று கேட்டாள் முடியாதம்மா.

"ஐஸ்கிரீமான்னு கேட்டாரு. ஆமான்னேன். குழந்தைக்கு ஒண்ணு கொடுக்கச் சொன்னாரு. அதுக்கப்புறம்தான் சிக்கல்."

முடியாதம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "டீச்சர், சுத்தி வளைக்க விரும்பல. முடியாது."

டீச்சர் குடுவையைக் கீழே வைக்கவில்லை.

"உங்க படிகம் ரொம்பச் சின்னது. ஒரு படிகம் ஒரு தடவை அளக்கிறதுக்குள்ளயே செத்துருது. அதனாலதான் போன மாசம் நீங்க அனுப்பின நாற்பது படிகத்தைச் சோதனையா அளந்து, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவே இல்ல. கந்தகம் இருக்கு, ஆனா அதோட சத்தம் வெளிய கேட்கல."

"சரி மேடம்" என்றார் டீச்சர். "நாற்பது போதாது. எத்தனை வேணும்?"

"என்னது?"

"எத்தனை படிகம் இருந்தா கேட்கும்? இருநூறா? ஐநூறா? சொல்லுங்க, வளர்த்துக் கொண்டு வர்றேன். தூங்காம வளர்ப்பேன். ஆனா எத்தனைன்னு தெரியாம வளர்க்க மாட்டேன்."

முடியாதம்மாவுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் அவள் 'முடியாது' என்று சொன்னபோது கெஞ்சியவர்கள் உண்டு, சண்டை போட்டவர்கள் உண்டு, மேலிடத்துக்குப் போன் போட்டவர்கள் உண்டு. எவ்வளவு இருந்தால் முடியும் என்று எண்ணைக் கேட்டவர்கள் குறைவு. "கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றாள். "நம்பிக்கை கொடுக்கிறேன்னு நினைக்காதீங்க. ஐயாயிரம்னு வந்தா ஐயாயிரம்னுதான் சொல்வேன்."

"சொல்லுங்க" என்று குடுவையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு டீச்சர் பேருந்து பிடிக்கப் போனார்.

அன்று மாலையே ஆய்வுக்கூடத் தலைவர் முடிவை அறிவித்தார். கடைசிச் சுற்று முழுவதும் பெரிய ஆய்வகத்துக்கு. அதன் பேராசிரியருக்குக் கட்டடத்தில் ஊர்வலம் என்று பெயர். தனியாக வந்து யாரும் பார்த்ததில்லை. முன்னால் இரண்டு மாணவர்கள், பின்னால் ஐந்து பேர், நடுவில் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாவது மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் முடியாதம்மா கணினியைத் திறந்தாள். எதிரே, நர்ஸ் வேலையில் இரவுப் பணி முடித்து வந்த நாத்தனார் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கணவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் சத்தம் கேட்டது.

கணக்கு எளிது. நாற்பது படிகத்தையும் ஒட்டுமொத்தமாகச் சேர்க்காமல், முதலில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வித்தியாசம் பிழைக்கு எதிராக எவ்வளவு எழுகிறது என்று கோடு வரைந்தால், அது மெல்ல மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தை நீட்டிப் பார்த்தால் எத்தனையாவது படிகத்தில் போதுமான உயரம் வரும் என்று தெரியும்.

கோடு ஏறியது. பிறகு இறங்கியது. மறுபடி ஏறி, இன்னும் கீழே இறங்கியது.

"என்ன அண்ணி, காய்ச்சல் சார்ட் மாதிரி இருக்கு?" என்றாள் நாத்தனார்.

"காய்ச்சல்தான். யாருக்குன்னுதான் தெரியல."

"நோயாளி பிழைப்பாரா?"

"பேசாம உரி."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பலவீனமான சிக்னல் எப்படி நடந்துகொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். மெதுவாக ஏறும்; நொண்டி நொண்டி ஏறும்; ஏறாமல் படுத்தும் கிடக்கும். ஆனால் நல்ல அளவீட்டைக் கூடுதலாகச் சேர்த்தபிறகு இந்த அளவுக்குக் கீழே இறங்காது. குடத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்ற மட்டம் குறைகிறது என்றால் குழாயில் தண்ணீர் குறைவு என்பது பதிலாகாது. உள்ளே ஏதோ ஒன்று இன்னொன்றை அழிக்கிறது. அவள் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முடியாது என்று எழுதியிருந்தாள். அந்த எண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று பார்க்கவில்லை.

பிறகு அவள் படிகங்களை இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிட்டாள். முதலாவதும் இரண்டாவதும் நன்றாகப் பொருந்தின. முதலாவதும் மூன்றாவதும் பொருந்தவில்லை. மூன்றாவதும் ஏழாவதும் பொருந்தின. நாற்பதும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றன.

"அடப்பாவி" என்றாள்.

"யாரு?"

"நான்தான்."

நடந்தது இதுதான். டீச்சரின் படிகம் ஒருவகைப் பட்டகம். வெளியே பார்த்தால் தலையும் காலும் ஒன்றுபோல இருக்கும், உள்ளே அப்படியில்லை. புள்ளிகளுக்கு எண் கொடுக்கும் கணினி நிரல், ஒவ்வொரு படிகத்தையும் தலைப்பக்கத்திலிருந்தும் எண்ணலாம், கால்பக்கத்திலிருந்தும் எண்ணலாம். இரண்டும் அதற்குச் சரிதான். ஒரே ஒரு படிகத்தோடு வேலை செய்யும்போது எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் கெட்டுவிடாது. முடியாதம்மா தன் மதிப்பீட்டு நிரலை வருடங்களுக்கு முன்னால் ஒற்றைப் படிகத்துக்காகத்தான் எழுதினாள். பல படிகங்களைச் சேர்க்கும் தேவை பின்னால் வந்தபோது, சேர்க்கும் ஒரு வரியை மட்டும் ஒட்டவைத்தாள். எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து எண்ணப்பட்டவையா என்று கேட்கும் வரியை எழுதவில்லை.

பட்டாணித் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாருக்கு அவள் சொன்ன விளக்கம் இது: "ஒரு வகுப்புல ரெண்டு பரீட்சை. ஒவ்வொருத்தரோட ரெண்டு மார்க்கையும் இருக்கை வரிசைப்படி சராசரி எடுக்கிறோம். முதல் பரீட்சையில கதவுப் பக்கத்துல இருந்து எண்ணினோம், ரெண்டாவதுல ஜன்னல் பக்கத்துல இருந்து. என்ன ஆகும்?"

"முதல் மார்க் வாங்கினவளோட மார்க்கு வேற எவளோடயோ கலந்துரும்."

"எல்லாரும் சுமாராயிருவாங்க. அப்ப நான் வந்து, இந்த வகுப்புல கெட்டிக்காரியே இல்லன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

பொருத்தம் மோசமாக இருந்தது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. படிகம் சின்னது, மோசமாகத்தான் இருக்கும் என்று கடந்துவிட்டாள். இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எண்ணி, முதல் படிகத்தோடு எது நன்றாகப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளும்படி நிரலைத் திருத்தினாள். கோட்டை மறுபடி வரைந்தாள். அது ஏறியது. ஏறிக்கொண்டே போனது. டீச்சரின் குடுவையில் மீதமிருக்கும் படிகங்களை அளந்தால் தேவையான உயரத்தைத் தாண்டும். நிறைய இடைவெளி விட்டு அல்ல, ஆனாலும் தாண்டும்.

இதே நிரலில் முன்பு பல படிகம் சேர்த்துக் கொடுத்த இரண்டு தீர்ப்புகளையும் அப்போதே எடுத்துப் பார்த்தாள். ஒன்று இன்னும் முடியாதுதான். மற்றது மாறியது. அந்தக் குழுவுக்கு உடனே செய்தி அனுப்பினாள். ஈரக் காலோடு மாடியிலிருந்து இறங்கி வந்த கணவரிடம், "டிரைவர் சார், நாளைக்கு ஒரு பெரிய மீட்டிங்ல போய் நான் சொன்னது தப்புன்னு சொல்லணும்" என்றாள்.

"வீட்டுலயும் ஒரு ஒத்திகை பார்த்துக்கலாமே" என்றார் அவர்.

திங்கட்கிழமை கூட்டத்தில் தலைவரும் குழுவினரும் இருந்தார்கள், ஊர்வலமும் இருந்தார். அவருக்குப் பின்னால் மாணவர்கள் சுவரோரம் நின்றார்கள். முடியாதம்மா இரண்டு கோடுகளையும் திரையில் போட்டாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் முடியாதுன்னு எழுதிக் கொடுத்தீங்க."

"ஆமா சார். எழுதினது தப்பு. என் நிரல்ல ஒரு படி விட்டுப்போச்சு. என்ன விட்டுப்போச்சுன்னு இந்தப் பக்கத்துல இருக்கு. நாற்பது படிகத்தோட அளவீடும் எல்லாருக்கும் அனுப்பிட்டேன். யார் வேணாலும் போட்டுப் பார்க்கலாம்."

"மேடம், நாங்களும் உங்ககிட்ட எத்தனையோ முடியாது வாங்கியிருக்கோம்" என்றார் ஊர்வலம். "நாங்க அழுதப்ப கணக்கு மாறல. டீச்சர் அழுததும் மாறிடுச்சா?"

"அவங்க அழல. எத்தனை படிகம் வேணும்னு கேட்டாங்க. நீங்க ஒரு தடவை அப்படிக் கேட்டிருந்தா இந்தத் தப்பு அப்பவே மாட்டியிருக்கும்."

சுவரோரம் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரிதான் இருந்தது.

தலைவர் சமாதானமாகச் சொன்னார்: "தப்பை ஒத்துக்கிட்டது நல்லது. ஆனா சுற்றை ஒதுக்கியாச்சு. ஒரு சுற்று ஒரு குழுவுக்குன்னு விதி. இயந்திரம் திரும்ப வந்ததும் டீச்சருக்கு முதல் இடம் கொடுத்துருவோம்."

"அப்ப டீச்சருக்கு ஆய்வகம் இருக்காது சார். முதல் இடத்தை வச்சு என்ன பண்ணுவாங்க?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"விதியைப் பாருங்க. இவரோட படிகத்துல செலினியம். சத்தம் போட்டுப் பேசுற சிக்னல். நான் போட்ட மதிப்பீடு உங்க கையிலதான் இருக்கு. அவருக்கு முதல் நாள் மதியம் வரைக்கும் போதும். அதுக்கு மேல கதிரைப் பாய்ச்சினா படிகம் வறுபடும், வேற எதுவும் கிடைக்காது. டீச்சரோடது கிசுகிசுக்கிற சிக்னல். அதுக்குத்தான் நேரம் வேணும். நாம என்ன பண்றோம்? கத்துறவருக்கு ரெண்டு நாள், கிசுகிசுக்கிறவருக்கு ஒண்ணுமில்ல."

"பாதுகாப்புக்குக் கூடுதல் நேரம் வச்சுக்கிறது தப்பா?" என்றார் ஊர்வலம்.

"தப்பில்ல. யாரோட நேரம்ங்கிறதுதான் கேள்வி."

அவர் முகம் சிவந்தது. கெட்ட மனிதர் அல்ல அவர். கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகியவர். கிடைக்காதவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள் என்பதை யாரும் அவருக்குக் காட்டியதில்லை. அநியாயம் எப்போதும் கொம்பு வைத்துக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் அது ஒரு வழக்கமாக, ஒரு படிவத்தின் கட்டமாக, 'எப்பவும் இப்படித்தான்' என்ற இரண்டு சொல்லாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சரி, இப்படி வச்சுக்கலாம்" என்றாள் முடியாதம்மா. "முதல்ல நீங்க ஆரம்பிங்க. கோட்டை நேரலையா வரையறேன். நான் சொன்ன உயரத்தை அது தாண்டினதும் நிறுத்திக்கோங்க. தாண்டலைன்னா ரெண்டு நாளும் உங்களுதுதான். அதுக்கப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீங்க வாய் திறக்காம இருக்கிறதைப் பார்க்கவாவது ஒத்துக்கலாம்" என்றார் ஊர்வலம். முதன்முறையாக அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். தலைவர் விதிப்புத்தகத்தைத் தேடவில்லை.

சுற்று தொடங்கியது. மதிய உணவுக்கு முன்னால் தாண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்த பிறகுதான் கோடு அந்த உயரத்தைத் தொட்டது.

"உங்க கணக்குல சாப்பாட்டு நேரம் இல்லையா?" என்றார் ஊர்வலம்.

"இருந்துச்சு. நீங்க இவ்வளவு சாப்பிடுவீங்கன்னு இல்ல."

அவர் எழுந்து, தன் மாணவர்களிடம் படிகத்தை இறக்கச் சொன்னார். அவர்களிலேயே இரண்டு பேரை டீச்சருக்கு உதவியாக அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஆறு பேராகக் குறைந்த ஊர்வலம் நடைபாதையில் திரும்பி மறைந்தது.

இயந்திரக் கை குளிர்க்குடுவையிலிருந்து டீச்சரின் படிகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கதிரின் எதிரே நிறுத்தியது. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள் வாழ்ந்து, தன் புள்ளிகளைக் கொடுத்துவிட்டுச் செத்தது. கோடு ஏறியது. மறுநாள் காலையில் தேவையான உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து அப்படியே தட்டையாகிவிட்டது.

டீச்சர் திரையையும் குடுவையையும் மாறிமாறிப் பார்த்தார். "படிகம் இன்னும் கொஞ்சம்தான் மேடம் இருக்கு."

"இருங்க. மறுபடி எனக்குத்தான் காய்ச்சலா, இல்ல படிகத்துக்கான்னு பார்க்கணும்." இரண்டிரண்டாக ஒப்பிட்டாள். எல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் எண்ணப்பட்டிருந்தன. கடைசியாக அளந்த தொகுதி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் படிகங்களின் உள்ளடுக்கின் அளவே சற்று விரிந்திருந்தது.

"இந்த வரிசை எப்ப உறைய வச்சது?"

டீச்சர் யோசித்தார். "கரண்ட் போன அன்னைக்கு. அறை சூடாயிருச்சு. படிகம் பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு."

"பார்க்க நல்லா இருக்கிறதை நம்பித்தான் நானும் மாட்டினேன். அந்த வரிசையைத் தள்ளி வச்சுருவோம்."

"அளந்ததைத் தூக்கிப் போடறதா? ஏற்கனவே குறைவா இருக்கு."

"கெட்டதைச் சேர்த்து நிறையக் காட்டுறதைவிட, நல்லது குறைவா இருக்கிறது மேல். ஏன் தள்ளினோம்னு எழுதி வைப்போம். நமக்குப் பிடிக்காததால இல்ல, அளவு மாறினதால."

தள்ளினார்கள். கோடு ஒரு படி ஏறியது. மீதமிருந்த படிகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியிலிருந்து மூன்றாவது படிகத்தில் கோடு உயரத்தைத் தொட்டது. கடைசிப் படிகத்தில் தாண்டியது. கந்தகங்கள் இருக்கும் இடத்தைத் தேடும் நிரலை முடியாதம்மா ஓடவிட்டாள். அது சிறிது நேரம் தடுமாறியது. பிறகு வரிசையாக இடங்களைக் கொடுத்தது. கணக்கிட்ட கந்தகங்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருந்தன.

"அந்த ஒண்ணு எங்க?" என்றாள் முடியாதம்மா. அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அது புரதத்தோட வால் நுனியில மேடம். ஆடிக்கிட்டே இருக்கும். விடுங்க, பாவம்."

கட்டங்களைக் கணக்கிட்டு வரைபடம் போடும்போது எப்போதும் இரண்டு விடை வரும், கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒன்றும், உண்மையானது ஒன்றும். முதலாவதைத் திறந்தார்கள். உடைந்த பாசிமணிகளைக் கொட்டியதுபோல இருந்தது. இரண்டாவதைத் திறந்தார்கள். ஒரு சுருள் தெரிந்தது. அதை ஒட்டி இன்னொன்று. நடுவே ஆழமான ஒரு பள்ளம்.

"எந்தப் பக்கம் சுத்துது, பாருங்க. உண்மையான புரதம்னா வலது, கண்ணாடிப் பிம்பம்னா இடது" என்றாள் முடியாதம்மா.

டீச்சர் கட்டைவிரலை நீட்டி, மற்ற விரல்களை மடக்கிச் சுருளோடு சேர்த்துத் திருப்பிப் பார்த்தார். "வலது."

"இன்னொரு சுருளையும் பாருங்க."

"அதுவும் வலது. மேடம், பள்ளம் தெரியுதா? இங்கதான் அது வேலை செய்யுது. இங்கதான் எதையாவது கொண்டு போய் அடைக்கணும்." அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார். வரைபடத்தின் மேல் புரதச் சங்கிலியின் முதல் கண்ணியை வைத்தார், அடுத்ததை வைத்தார்.

கதவு திறந்தது. கையில் சாவிக்கொத்தோடு இயந்திரப் பொறியாளர் நின்றார். "நேரம் ஆச்சும்மா. கதிரை நிறுத்தப் போறோம். இனிமே ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். யாருக்காவது ஏதாவது அளக்க வேண்டியிருக்கா?"

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நிறுத்திக்கோங்க அண்ணே" என்றார். "எனக்கு வேண்டியது வந்துடுச்சு."